ஒரு குற்றமும் நிரூபிக்கப்படவில்லை, ஆனால் மகன் மேல் தடையுத்தரவு: என்ன செய்வது?

வாசகரின் கடிதம், சுருக்கமாக

கிழக்கு லண்டனில் வசிக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். மூத்த மகனுக்கு 18 வயது முடிந்து நான்கு மாதம், கொலிஜில் படிக்கிறார். இளையவருக்கு 15 வயது. போன கிழமை விடியற்காலையில் இரண்டு பொலிஸார் வந்து மூத்தவரின் கையில் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குழு வன்முறையைத் தடுக்க என்று கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) மனுப் போட்டு, கவுண்டி கோர்ட் வழங்கிய இடைக்காலத் தடையுத்தரவு அது. வீட்டைத் தவிர அந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதி முழுவதும் கால் வைக்கக் கூடாது. பெயர் குறிப்பிட்ட ஒன்பது பேருடன் எந்தத் தொடர்பும் கூடாது; அதில் ஒருவர் சித்தியின் மகன். ஒரு போன் மட்டும் வைத்திருக்கலாம், அதன் இலக்கத்தைப் பொலிஸுக்குக் கொடுக்க வேண்டும். எந்த இசை வீடியோவிலும் தோன்றவோ அதைப் பதிவேற்றவோ கூடாது.

ஆதாரமாக 200 பக்கத்துக்கு மேல் இணைத்திருக்கிறார்கள். தெருவில் மறித்துச் சோதித்த பதிவுகள் ஏழு. அதில் ஆறில் ஒன்றும் கிடைக்கவில்லை, ஒன்றில் சிறிதளவு கஞ்சா. போன வருடம் போதைப்பொருள் விற்பனைச் சந்தேகத்தில் ஒரு கைது. மேல் நடவடிக்கை இல்லை என்று விட்டுவிட்டார்கள். மகன் பின்வரிசையில் நிற்கும் இரண்டு டிரில் (ராப் இசையின் ஒரு வகை) வீடியோக்கள். மிச்சம் பெயர் சொல்லாத ஆட்கள் கொடுத்த தகவல்கள். பன்னிரண்டு நாளில் வழக்கு. தாய் கேட்பது மூன்று: குற்றம் நிரூபிக்கப்படாமல் இப்படி உத்தரவு போடச் சட்டத்தில் இடமுண்டா? சிவில் வழக்குத்தானே, கோர்ட்டுக்குப் போகாமல் மகனை இரண்டு வருடம் யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டில் விட்டால் என்ன? பக்கத்து வீட்டுக்காரர் ‘நல்ல வேலை’ என்கிறார்களே, இதனால் உண்மையிலேயே குழுச் சண்டை குறையுமா?

பதில்

அன்பின் சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்கிறேன். அந்த உத்தரவு மகனின் கையில் கிடைத்த நிமிடத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நியாயமோ அநியாயமோ, நீதிபதி மாற்றும் வரைக்கும் ஒவ்வொரு வரியையும் அவர் கடைப்பிடிக்க வேண்டும். ‘உத்தரவே பிழை, அதனால்தான் மீறினேன்’ என்று பிறகு சொல்ல முடியாது. கொலிஜ் பஸ் தடைப்பகுதிக்குள்ளால் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பஸ்ஸில் ஏறினாலே மீறல்தான். சொலிசிட்டர் மூலம் கவுன்சிலின் சட்டப் பிரிவுக்கு உடனே எழுதி, கொலிஜ் பயணத்துக்கு விலக்குக் கேளுங்கள். கவுன்சில் ‘சரி’ என்று மின்னஞ்சல் அனுப்பினால் மட்டும் உத்தரவு மாறாது. அதைக் கோர்ட் திருத்தித் தர வேண்டும். இரு தரப்பும் ஒத்துக்கொண்ட திருத்தம் என்றால் பெரும்பாலும் விரைவாகவே கிடைக்கும். கவுன்சில் மறுத்தால் உத்தரவை மாற்றும்படியோ நீக்கும்படியோ மகனே மனுப் போடலாம்.

பன்னிரண்டாம் நாள் நடக்கப்போவதை ‘முழு விசாரணை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அறிவித்தலை இன்னொரு முறை பாருங்கள். மறுதரப்புக்குச் சொல்லாமல் எடுத்த இடைக்கால உத்தரவுக்குப் பிறகு வருவது வழக்கமாக ஒரு குறுகிய தவணை, சில வேளை அரை மணித்தியாலம்தான். அன்றைக்குச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய நேரமிருக்காது. நீங்கள் அன்று கேட்க வேண்டியவை வேறு: பதில் சாட்சியம் கொடுக்கத் தவணை, கவுன்சில் வெளிப்படுத்த வேண்டிய ஆவணங்கள், இறுதி விசாரணைக்குத் தேதி, அதுவரை நிபந்தனைகளில் தளர்வு. அரை மணித்தியாலத்தில் மகன் நல்ல பிள்ளை என்று நிரூபிக்கப் போனால் இந்த நாலும் கைவிட்டுப் போகும்.

சட்டத்தில் இடமுண்டா?

உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2009ஆம் ஆண்டின் பொலிஸ் மற்றும் குற்றச் சட்டத்தின் நான்காம் பாகம் இந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. பெரியவர்களுக்கு 2011 ஜனவரியிலும், 14 முதல் 17 வயது வரையானவர்களுக்கு அடுத்த வருடமும் நடைமுறைக்கு வந்தது. இதற்கு முன் பர்மிங்காம் மாநகராட்சி பொதுவான சிவில் அதிகாரத்தை வைத்து இப்படித் தடை வாங்கப் பார்த்தது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. அதற்குப் பதிலாகத்தான் நாடாளுமன்றம் தனிச் சட்டமே செய்தது.

நீதிபதி இரண்டு விடயங்களில் திருப்திப்பட வேண்டும். ஒன்று, மகன் குழு வன்முறையிலோ குழுவின் போதைப்பொருள் வியாபாரத்திலோ ஈடுபட்டார், அல்லது அதை ஊக்குவித்தார், அல்லது அதற்கு உதவினார் என்பது. இரண்டு, அவரைத் தடுக்கவோ அவரைப் பாதுகாக்கவோ இந்த உத்தரவு அவசியம் என்பது. முதலாவதை நிரூபிக்கக் கிரிமினல் வழக்கின் அளவுக்குப் போக வேண்டியதில்லை. நடக்காததை விட நடந்திருக்கவே வாய்ப்புக் கூட என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். கிரிமினல் வழக்கு நிற்காத அதே கைதை இங்கே தூக்கிக்கொண்டு வருவது இதனால்தான். இது மனித உரிமைக்கு முரண் என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2023 ஜூலையில் தோற்றது. ஜோன்ஸ் எதிர் பர்மிங்காம் மாநகராட்சி என்ற அந்த வழக்கில், இது கிரிமினல் குற்றச்சாட்டு அல்ல, சிவில் அளவுகோலே போதும் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். ஆகவே ‘குற்றமே நிரூபிக்கப்படவில்லையே’ என்ற ஒரே வாதத்தில் காசையும் நேரத்தையும் போடாதீர்கள்.

குழு என்றால் என்ன என்பதற்கான வரைவிலக்கணமும் இறுக்கமானதல்ல. முன்பு பெயர், சின்னம், நிறம், ஒரு குறிப்பிட்ட பகுதியோடு தொடர்பு என்றெல்லாம் பார்த்தார்கள். 2015இல் திருத்திய பிறகு, குறைந்தது மூன்று பேர், பிறர் அவர்களை ஒரு குழுவாக இனங்காணக்கூடிய ஏதாவது ஓர் அம்சம், இவ்வளவே. எங்கள் ஊர்க் கழகத்துக் கரப்பந்தாட்டக் குழுவுக்கும் இது பொருந்தும் என்பதுதான் என் முறைப்பாடு. ஆனால் குழு என்று காட்டுவதோடு கவுன்சிலின் வேலை முடிவதில்லை. வன்முறையுடனோ போதைப்பொருளுடனோ மகனுக்கு நேரடித் தொடர்பைக் காட்ட வேண்டும்.

இங்கே உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. இந்த முறை முதலில் வளர்ந்தது கலிபோர்னியாவில். லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1987இல் ஒரு தெருக்குழுவுக்கு எதிராகத் தடை வாங்கியது. சான் ஹோசேயில் நான்கு தெருச் சதுரத்துக்குள் 38 பேருக்கு எதிராக வாங்கிய தடையை மாநில உச்ச நீதிமன்றம் 1997இல் சரியென்றது. அங்கே குழுவையே பொதுத் தொல்லை என்று வழக்கில் இழுப்பார்கள். யார் யார் உறுப்பினர் என்பதைப் பிறகு பொலிஸே தீர்மானித்து உத்தரவைக் கையில் கொடுக்கும். பெயர் சேர்க்கப்பட்டவருக்குக் கோர்ட்டில் வாய் திறக்கவே இடம் கிடைக்காமல் போனது. ஒரேஞ்ச் கவுண்டியில் 2013இலும் லொஸ் ஏஞ்சலிஸில் 2018இலும் கூட்டாட்சி நீதிமன்றங்கள் பிழை பிடித்தது இந்த இடத்தில்தான். மாநிலக் கணக்காய்வாளர் 2016இல் குழு உறுப்பினர் தரவுத்தளத்தைப் பார்த்தபோது, பதியும் நேரத்தில் ஒரு வயதே நிரம்பாத 42 பேரின் பெயர் அதில் இருந்தது. இங்கிலாந்தில் அப்படிச் செய்ய முடியாது. ஒவ்வொரு ஆளுக்கும் எதிராகத் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். மற்ற ஒன்பது பேரின் கதை 150 பக்கம் இருந்தாலும், உங்கள் மகனைப் பற்றி என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

200 பக்கத்தை எப்படி வாசிப்பது

மகனின் பெயர் வரும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பக்க எண், திகதி, என்ன சொல்கிறார்கள், யார் சொன்னது, எங்கள் பதில், அதற்கு எங்களிடம் உள்ள ஆதாரம். இதைச் செய்து கொண்டு போனால் சொலிசிட்டரின் வேலை பாதி குறையும்.

சிவில் வழக்கில் செவிவழிச் சாட்சியம், அதாவது சொன்னவர் கோர்ட்டுக்கு வராமல் அவர் சொன்னதாக வருவது, அனுமதிக்கப்படும். ஆனால் அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது நீதிபதியின் கையில். சொன்னவரை நேரில் கொண்டுவந்திருக்க முடியுமா, சம்பவம் நடந்த உடனே பதிந்ததா, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதா, சொன்னவருக்கு மறைக்க ஏதும் காரணம் இருந்ததா என்றெல்லாம் 1995ஆம் ஆண்டின் சிவில் சாட்சியச் சட்டம் பார்க்கச் சொல்கிறது. பொலிஸ் உளவுக் குறிப்புகளில் தரக் குறியீடு இருக்கும். மூலத்துக்கு 1 நம்பகமானது, 2 சோதிக்கப்படாதது, 3 நம்பகமற்றது. தகவலுக்கு ஏ முதல் ஈ வரை: ஏ என்றால் சொன்னவர் நேரடியாக அறிந்தது, டி என்றால் உண்மையா என்று தெரியாதது, ஈ என்றால் பொய்யாக இருக்கலாம் என்று சந்தேகிப்பது. பெயரில்லாத எட்டுக் குறிப்புகளில் ஆறு ‘2 டி’ என்றிருந்தால் எட்டுக் குறிப்பின் எடை என்ன என்று கேட்கலாம். குறியீட்டை மறைத்திருந்தால் வெளிப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

சோதனைப் பதிவுகளில் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருக்கும். ‘குழுவோடு நின்றார்’ என்று மட்டும் இருந்தால், ஒன்றும் கிடைக்காத ஆறு சோதனைகள் உண்மையில் மகனின் பக்கமே பேசுகின்றன. கிடைத்த கஞ்சாவை மறைக்க வேண்டாம். சொந்தப் பாவனைக்கு வைத்திருந்தது குழு வியாபாரம் ஆகாது என்பதே பதில். வீடியோக்களில் மகன் பாடுகிறாரா, வரிகளில் குறிப்பிட்ட ஆளைப் பற்றிய மிரட்டல் உண்டா, எந்தத் திகதியில் எடுத்தது, அப்போது அவருக்கு எத்தனை வயது என்று நிமிடம், நொடி போட்டுக் குறியுங்கள்.

ஒன்றை இன்றிரவே செய்யுங்கள். ஒய்ஸ்டர் அட்டையின் (லண்டன் பஸ், ரயில் அட்டை) பயண விபரம் எட்டுக் கிழமைக்கு மேல் கிடைக்காது. தரவிறக்கி வையுங்கள். கொலிஜ் வருகைப் பதிவு, பகுதிநேர வேலைச் சம்பளச் சிட்டை, போனின் இடப்பதிவு ஆகியவையும் அப்படியே. ‘அன்றிரவு அங்கே நின்றார்’ என்ற குறிப்பை உடைப்பது பெரும்பாலும் இப்படியான சின்னக் காகிதம்தான். ஆனால் போனைத் துடைக்கவோ பழைய வட்ஸ்அப்பை அழிக்கவோ விடாதீர்கள். அது வேறு வில்லங்கம்.

மகனைப் பற்றிப் பொலிஸும் கவுன்சிலும் வைத்திருக்கும் பதிவுகளைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். வழமையாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். குழு ஆட்கள் என்று சந்தேகிப்பவர்களை வைத்து லண்டன் பொலிஸ் 2012இல் தொடங்கிய ‘கேங்ஸ் மேட்ரிக்ஸ்’ பட்டியல், தகவல் ஆணையரின் நடவடிக்கைக்கும் மனித உரிமை அமைப்புகளின் வழக்குக்கும் பிறகு 2024இல் கைவிடப்பட்டது. அந்தப் பட்டியலின் 203 பெயர்களை மறைக்காமல் மின்னஞ்சலில் அனுப்பியதற்காக நியூஹாம் கவுன்சிலுக்கு 2019இல் 1,45,000 பவுண் தண்டம் விழுந்தது. மகனைப் பற்றிய பழைய குறிப்பு அங்கிருந்து வந்ததா என்று கேட்பது வீண் கேள்வி அல்ல.

மகன் தனியாக உட்கார்ந்து பதில் அறிக்கை எழுதக் கூடாது. கையெழுத்திட்டுக் கொடுப்பது பிறகு கிரிமினல் வழக்கில் அவருக்கு எதிராகவே வரலாம். தன்னைக் குற்றவாளியாக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்கும் உரிமை சிவில் வழக்கிலும் உண்டு. எதைச் சொல்வது, எதை விடுவது என்பது சொலிசிட்டர் தீர்மானிக்க வேண்டியது. இந்த வகை வழக்குக்கு லீகல் எய்ட் (அரசின் சட்ட உதவிப் பணம்) உண்டு; வருமானத்தையும் வழக்கின் பலத்தையும் பார்ப்பார்கள். 18 ஆனதால் முதலில் கணக்கில் வருவது மகனின் வருமானமும் சேமிப்பும். ‘அப்பாவுக்குச் சம்பளம் இருக்கு, கிடைக்காது’ என்று நீங்களே முடிவெடுத்து விடாதீர்கள்.

உண்மையான சண்டை நிபந்தனைகளில்

சகோதரி, இதைக் கவனமாக வாசியுங்கள். இப்படியான வழக்குகளில் உத்தரவே வராமல் தடுப்பது சிலருக்குத்தான் கைகூடும். ஆனால் என்ன உத்தரவு வருகிறது என்பதில் நிறையச் செய்யலாம். சிறைக்குப் போகிறவர்கள் உத்தரவு வந்ததால் போவதில்லை. கடைப்பிடிக்கவே முடியாத ஒரு வரியால் போகிறார்கள்.

சட்டம் எதையெதை விதிக்கலாம் என்று பட்டியல் தருகிறது: ஓரிடத்துக்குப் போகாமல் இருப்பது, குறிப்பிட்ட ஆட்களுடன் ஓரிடத்தில் நிற்காமல் இருப்பது, குறிப்பிட்ட உடுப்பைப் போடாமல் இருப்பது, குறிப்பிட்ட வகை விலங்கைக் கொண்டு திரியாமல் இருப்பது, வன்முறையையோ போதை வியாபாரத்தையோ தூண்ட இணையத்தைப் பயன்படுத்தாமல் இருப்பது. செய்யச் சொல்லவும் முடியும்: விலாசம் அறிவித்தல், குறித்த நேரம் குறித்த இடத்தில் இருத்தல் (ஒரு நாளில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது), ஒரு திட்டத்தில் பங்கெடுத்தல். அதோடு, சமய நம்பிக்கைக்கும், வழமையாக வேலைக்கோ படிப்புக்கோ போகும் நேரத்துக்கும் முடிந்தவரை இடைஞ்சல் வரக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் ஆயுதம் அந்தக் கடைசி வசனம்.

தடைப்பகுதி: ஒரு முழு அஞ்சல் குறியீடு என்பது சோம்பல் வரைவு. சம்பவங்கள் நடந்த இடங்களை வரைபடத்தில் புள்ளி போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று தெருவுக்குள் அடங்கும். எல்லைத் தெருக்களின் பெயர், எந்தப் பக்க நடைபாதை உள்ளே எது வெளியே, பஸ்ஸில் இறங்காமல் கடந்து போகலாமா என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். கொலிஜ், வைத்தியர், வேலையிடம், முருகன் கோயில் ஒவ்வொன்றுக்கும் விலக்கும் போகும் வழியும் கேளுங்கள். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு மகன் உண்மையிலேயே போகிறவர் என்றால் நேரத்தோடு எழுதுங்கள். போகாதவர் என்றால் கோயிலை இழுக்க வேண்டாம். குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்.

ஆட்களுடன் தொடர்பு: ‘தெரிந்துகொண்டே’ என்ற சொல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பஸ்ஸில் ஒருவர் ஏறினாலே சிக்கல். ஒரே வகுப்பில் இருப்பவர், கோர்ட் தவணைக்கு வருபவர் ஆகியோருக்கு விலக்கு வேண்டும். சித்தியின் மகன் விடயத்தில் பெற்றோர் முன்னிலையில் வீட்டில், கலியாண வீட்டில், செத்த வீட்டில் சந்திக்கலாம் என்று கேளுங்கள். உறவு முறையை விளக்கி நீங்களோ சித்தியோ ஒரு சாட்சி அறிக்கை கொடுங்கள். எங்களுக்குச் சித்தி மகன் சொந்தத் தம்பி மாதிரி என்பது ஆங்கிலேய நீதிபதிக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

போன்: தொலைந்தால், உடைந்தால், இலக்கம் மாறினால் எத்தனை நாளில், யாருக்கு, எந்த மின்னஞ்சலுக்கு அறிவிப்பது என்று எழுதியிருக்க வேண்டும். 24 மணித்தியாலம் என்றால் மூன்று வேலை நாளாகக் கூட்டக் கேளுங்கள். கொலிஜ் கொடுத்த மடிக்கணினி ‘சாதனம்’ என்பதற்குள் வருமா என்பதையும் தெளிவாக்குங்கள்.

இசை: எல்லா இசை வீடியோவையும் தடுப்பது சட்டம் அனுமதித்த எல்லையைத் தாண்டுகிறது என்று வாதிடலாம். வன்முறையைத் தூண்டும், எதிர்க் குழுவைப் பெயர் சொல்லிச் சீண்டும் வீடியோ என்று சுருக்கக் கேளுங்கள். ஆனால் இந்த வரியை இலேசாக எடுக்க வேண்டாம். 2019 ஜனவரியில் தெற்கு லண்டன் டிரில் பாடகர்கள் இருவர், ஒரு மேடையில் பாட்டுப் பாடியதற்காக, தடையுத்தரவை மீறினார்கள் என்று ஒன்பது மாதச் சிறைத் தண்டனை பெற்றார்கள். அது ஒத்திவைக்கப்பட்ட தண்டனை என்பதால் உள்ளே போகவில்லை.

காலம்: இரண்டு வருடத்துக்கு மேல் போட முடியாது. ஒரு வருடத்தைத் தாண்டும் உத்தரவென்றால் அந்த முதல் வருடத்தின் கடைசி நான்கு கிழமைக்குள் மீளாய்வுத் தவணை வைத்தே ஆக வேண்டும். அந்தத் தவணையை நாட்காட்டியில் போடுங்கள். ஒரு வருடம் சுத்தமாக இருந்தவர் தளர்வு கேட்க அதைவிட நல்ல நாள் இல்லை.

எதிர்த்துப் போராடுவதற்கும் அப்படியே ஒத்துக்கொள்வதற்கும் இடையில் இன்னொரு வழி, கோர்ட்டுக்கு உறுதிமொழி கொடுப்பது. அதில் மகன் எதையும் செய்தார் என்று நீதிபதி தீர்ப்பெழுத மாட்டார், பொதுவாகக் கைது அதிகாரமும் அதோடு இணையாது. ஆனால் உறுதிமொழியை மீறினாலும் நீதிமன்ற அவமதிப்புத்தான். கவுன்சில்கள் இதை எளிதில் ஏற்பதில்லை; ஆதாரம் மெலிந்த வழக்கில் கேட்டுப் பார்க்கலாம். ‘குற்றத்தை ஒத்துக்கொள்ளாமல், நிபந்தனைகளுக்கு மட்டும் சம்மதம்’ என்று வருவதும் உண்டு. அந்த வாசகம் உத்தரவின் முகப்பிலேயே இருக்க வேண்டும், வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

சிவில்தானே என்று விடலாமா? யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாமா?

தடையுத்தரவு குற்றத் தீர்ப்பு அல்ல என்பது சரி. அதற்காகப் பயமில்லை என்று அர்த்தமல்ல. மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. பெரியவர்களுக்கு இரண்டு வருடம் வரை சிறை. கைது அதிகாரம் இணைத்திருந்தால், மீறியதாக நியாயமான சந்தேகம் வந்தாலே பிடியாணை இல்லாமல் பிடித்து, ஞாயிறு போன்ற நாட்களைக் கழித்து 24 மணித்தியாலத்துக்குள் நீதிபதி முன் நிறுத்துவார்கள். அந்தக் கட்டத்தில் மட்டும் அளவுகோல் உயர்கிறது: மீறலைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்.

பிள்ளைகளோடு, முதியவர்களோடு வேலை செய்யும் தொழிலுக்குப் போனால், கூடுதல் பின்னணிச் சோதனையில் பொலிஸ் தன் விருப்புரிமையில் இதைக் குறிப்பிட முடியும். மகன் பிரித்தானியக் குடியுரிமை எடுத்துவிட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் சொலிசிட்டரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தை பார்க்கும்போது குழுத் தொடர்பு கேள்விக்கு வரும். தண்டனை இல்லாமலே பொலிஸ் தகவலை வைத்து நாடு கடத்தல் நடவடிக்கை எடுத்த வழக்குகளும் உண்டு.

யாழ்ப்பாணத் திட்டத்தின் பின்னால் இருக்கும் பயம் எனக்கு விளங்குகிறது, பல தாய்மார் கேட்பதுதான். ஆனால் மகன் வராவிட்டால் வழக்கு நிற்காது. அவர் இல்லாமலே நடக்கும், கவுன்சில் கேட்ட வரிகள் அத்தனையும் யாரும் எதிர்க்காமல் உத்தரவாகும், அதன் காலம் முடியுமுன் திரும்பி வந்தால் விமான நிலையத்திலிருந்தே அது காத்திருக்கும். நிரந்தர வதிவிட அனுமதியில் இருப்பவர் தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த அனுமதியே காலாவதியாகும். பல்கலைக்கழகக் கடனுக்கு வழமையாக மூன்று வருட இங்கிலாந்து வதிவிடம் கேட்பார்கள். அதோடு, ஆவா குழு, வாள்வெட்டு என்று யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் வருவதை நீங்களும் வாசிக்கிறீர்கள். இடம் மாறுவது நல்லதென்று நினைத்தால், மற்ற நகரத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பைத் தொடர்வதைக் கோர்ட்டிலேயே திட்டமாக முன்வைக்கலாம். உத்தரவு ‘அவசியமா’ என்ற கேள்விக்கு அது வலுவான பதில்.

இதனால் குழுச் சண்டை குறையுமா?

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. லொஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் தடை விதித்த பகுதிகளில் முதல் வருடத்தில் வன்முறைக் குற்றம் 5 முதல் 10 வீதம் வரை குறைந்ததாக 2002இல் ஓர் ஆய்வு கண்டது. 1988 முதல் 2014 வரையான தடைகளைப் பார்த்த 2019 ஆய்வு, குறுகிய காலத்தில் 5 வீதமும் நீண்ட காலத்தில் 18 வீதம் வரையும் மொத்தக் குற்றம் குறைந்ததாக மதிப்பிட்டது. சான் பெர்னார்டினோவில் வீடு வீடாகக் கேட்டபோது, தெருவில் குழு ஆட்களைக் காண்பதும் அவர்களோடு முட்டுப்படுவோமோ என்ற பயமும் குறைந்திருந்தது. அங்கே நெடுநாள் மாற்றம் என்று சொல்ல அதிகம் இல்லை. தெருமுனையில் கடை வைத்திருப்பவருக்கு அந்தச் சின்ன மாற்றமும் பெரிது. மறுபக்கம், ஓக்லாந்து நகரம் எதிர்ப்புக்குப் பிறகு 2015இல் தன் தடைகளைக் கைவிட்டது. லொஸ் ஏஞ்சலிஸ் 2017இல் பட்டியலை மறுபடி பார்த்து ஆயிரக்கணக்கானோரை விடுவித்தது.

இந்த எண்கள் பகுதியைப் பற்றியவை, ஒரு பிள்ளையைப் பற்றியவை அல்ல. தடைப்பகுதியில் குற்றம் குறையும் அதே வேளையில் ஒரு பையன் கொலிஜை விட்டு வெளியே வந்து விடலாம். இங்கிலாந்தில் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் உத்தரவுக்கு முன் இத்தனை, பின் இத்தனை என்று ஒப்பிடுபவை. வயதாகி விலகியவர்களும் சிறைக்குப் போனவர்களும் அந்தக் கணக்குக்குள் கலந்துவிடுகிறார்கள். தடை மட்டும் போட்டு, படிப்போ வேலையோ வழிகாட்டியோ கொடுக்காத உத்தரவில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே கவுன்சிலிடமே கேளுங்கள்: மகனுக்கு யார் வழிகாட்டி, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எங்கே? கத்திக்குத்து வாங்கிய நண்பர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து மகனுக்கு ஆபத்து இருக்கிறதென்றால், சில நிபந்தனைகள் அவருக்கே கேடயமாகலாம். ‘கோர்ட் தடை, வர ஏலாது’ என்பது அந்த வயதில் மானம் கெடாமல் விலகக் கிடைக்கும் ஒரு சாட்டு. மகனிடம் தனியாகக் கதைத்துப் பாருங்கள். சில வரிகளை அவரே வைத்துக்கொள்ள விரும்பலாம்.

இன்னொன்றும் அவரிடம் மெதுவாகக் கேட்க வேண்டும்: சின்ன வயதில் யாராவது மிரட்டியோ கடன் காட்டியோ பொட்டலம் கொண்டுபோக வைத்தார்களா? அப்படியென்றால் அது சுரண்டல். 2015ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தனச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. இப்படிச் சுரண்டப்பட்டவர்களை இனங்காணும் தேசிய பரிந்துரை முறைக்கு அவர் பெயரைக் கொடுக்க, வயது வந்தவர் என்பதால் அவருடைய சம்மதம் வேண்டும். சொலிசிட்டரிடம் சொல்லும் முன் பொலிஸிடமோ கவுன்சிலிடமோ இதைச் சொல்ல வேண்டாம்.

இளையவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். 14 வயதிலிருந்தே இந்த உத்தரவு வரலாம். அந்த வழக்கு இளையோர் நீதிமன்றத்தில் நடக்கும்; மனுப் போடுமுன் இளையோர் குற்றத் தடுப்புக் குழுவிடம் கலந்துபேச வேண்டும்; மீறினால் மேற்பார்வை உத்தரவு அல்லது மூன்று மாதம் வரை தடுப்புக் காவல். அண்ணாவின் வழக்கில் தம்பியைத் தகவல் கொண்டுபோகும் ஆளாக யாரும் பாவிக்க விடாதீர்கள். பெயர் குறிப்பிட்ட ஒன்பது பேரில் ஒருவருக்குத் தம்பியின் ஸ்னாப்சாட்டில் இருந்து ஒரு செய்தி போனாலும், அது மூத்தவரின் மறைமுகத் தொடர்பாக எண்ணப்படலாம்.

சொலிசிட்டரைப் பார்க்கப் போகும்போது முழுக் கட்டும் அது கையில் கிடைத்த திகதி, நேரமும், நீங்கள் எழுதிய பக்க அட்டவணை, கொலிஜ் நேரசூசி, மகனின் மூன்று மாத வங்கிக் கூற்று, கடவுச்சீட்டு அல்லது வதிவிட ஆவணம் எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் சொலிசிட்டர் அவரோடு முதல் அரை மணித்தியாலம் தனியாகப் பேசக் கேட்டால் வெளியே இருந்து கொள்ளுங்கள்.